வேலை சுத்தம் என்றால் என்ன?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டத் தொடங்கும் ஒருவர் மேசன் தேடும்போது அயலில் கேட்கும் கேள்வி இதுதான்: "ஆளின்ரை வேலை சுத்தமோ?" கூலி எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. (உண்மையைச் சொன்னால், சிலர் கூலியைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டு மாரி கழிந்ததும் அவர்களும் அந்த மற்றக் கேள்விக்கு வந்து சேருவார்கள்.)

சுவர் நேராக நின்றால் மட்டும் வேலை சுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. பூச்சுக்குள் மறையப்போகும் இடத்திலும் சாந்து நிறைந்திருக்க வேண்டும். பின்னேரம் போகும்போது சிந்திய மணலையும் சீமெந்தையும் கூட்டி ஒதுக்கிவிட்டுப் போக வேண்டும். வாறேன் என்று சொன்ன நாளில் ஆள் வர வேண்டும். தொழில் வழிகாட்டல் வகுப்புகளில் 'தனிநபர் மேன்மை' என்ற பெரிய பெயரில் படிப்பிப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மேடையும் பொன்னாடையும்தான் கண்ணில் வருகின்றன. அதனால் மேசனுக்குச் சொல்லும் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்தோ கம்பஸ் முடித்தோ வேலை தேடுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் அச்சக வேலை செய்கிறவன். உதாரணங்கள் அங்கிருந்துதான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலைக்கும் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று சம்பளம் தருகிறவரோ வாடிக்கையாளரோ போட்டது. அதற்குக் கீழே போனால் ஏச்சு விழும், வேலையும் போகலாம். மற்றது நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்வது. பலருக்கு இந்த இரண்டாவது கோடே கிடையாது. இருந்தாலும் முதலாவதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதலாவதற்குச் சற்று மேலே, ஒரே ஒரு இடத்தில் என்றாலும், இரண்டாவது கோட்டைத் தெளிவாகப் போட்டு, யாரும் பார்க்காத நாளிலும் அதற்குக் கீழே இறங்காமல் இருப்பதுதான் வேலை சுத்தம். வரைவிலக்கணம் அவ்வளவுதான். 'ஒரே ஒரு இடத்தில்' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

விடுபட்ட மருமகள்

யாழ்ப்பாணத்து அச்சகங்களுக்கு ஓயாமல் வரும் வேலை கல்வெட்டு. வெளியூர் வாசகர்கள் கல்லில் வெட்டுவதாக நினைக்க வேண்டாம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியத்தன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறிய நினைவு நூலுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். தேவார திருவாசகம், திதி வெண்பா, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. பெரும்பாலும் எல்லாக் கல்வெட்டும் இந்த ஒழுங்கில்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் நான் வடிவமைத்த ஒரு கல்வெட்டு முந்நூறு பிரதி அச்சாகியது. கிரியை நடந்த அன்று காலையில் பெட்டிகளை நானே கொண்டுபோய் இறக்கினேன். இறந்தவரின் மனைவி ஒரு பிரதியை எடுத்தார். அட்டையைப் பார்க்கவில்லை, நான் இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்த பூ வேலையைப் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"தம்பி, என்ரை சின்ன மருமேள் எங்கை?"

கையெழுத்துப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. இரண்டு மருமக்களின் பெயரும் 'வதி' என்றே முடிந்தன. மேலே இருந்த 'வதி'யைத் தட்டிவிட்டு நிமிர்ந்த என் கண், கீழே இருந்த 'வதி'யில் போய் உட்கார்ந்து, அதையே தட்டி முடித்ததாக எண்ணி அடுத்த வரிக்குப் போய்விட்டது. கணக்குப்படி பார்த்தால் என்மேல் குற்றமில்லை. புரூஃபில் மூத்த மகன் கையெழுத்து வைத்திருந்தார். முதலாளியும் அதைத்தான் சொன்னார்: "அவை பார்த்து ஓகே பண்ணினது தானே." முதலாவது கோட்டுக்கு மேலேதான் நின்றோம். கையெழுத்தைக் காட்டித் தப்பினோம்.

கிழவர் படுக்கையில் இருந்த காலமெல்லாம் அவரைப் பார்த்தது அந்தச் சின்ன மருமகள்தான் என்று பிறகு அறிந்தேன். அன்று எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்ததும் அவர்தான். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எனக்கென்று ஒரு கோடு போட்டேன். அட்டை வடிவுக்கோ நிறத்துக்கோ அல்ல. பெயர்களுக்கு மட்டும். கையெழுத்துப் பட்டியலில் எத்தனை பெயர், தட்டச்சு செய்ததில் எத்தனை பெயர் என்று முதலில் எண்ணுவேன். பிறகு கீழேயிருந்து மேலே வாசிப்பேன். மேலேயிருந்து வாசித்தால் மூளை அடுத்த பெயரைத் தானே ஊகித்துக்கொண்டு கண்ணை ஏமாற்றிவிடும். கடைசியில் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் போன் எடுத்து எல்லாப் பெயரையும் உரக்க வாசித்துக் காட்டுவேன். ஆண்களுக்கு எடுத்தால் பாதியிலேயே "சரி சரி, போடுங்கோ" என்று வைத்துவிடுவார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். இதற்கு யாரும் எனக்குத் தனியாகக் காசு தருவதில்லை.

பக்கத்து மேசை

நாங்கள் படித்து வந்த முறை இதற்கு நேர் எதிரானது. ஏ.எல். எழுதியவர்களுக்கு இசட் ஸ்கோர் தெரியும். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது. உங்களுக்குப் பாடம் எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது. கூட்டத்தின் நடுவிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைத்தான் சொல்லும். பல்கலைக்கழக இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் அதிகம் என்றால் அப்படித்தான் பிரிக்க வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பள்ளிக்கூடம், ரியூசன் என்று வருடக்கணக்காக வரிசையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, வேலைக்குப் போன பிறகும் பக்கத்து மேசையைத்தான் பார்க்கிறது.

பக்கத்து மேசைக்காரர் சோம்பேறி என்றால், அரைவாசி வேலை செய்யும் நீங்களே முதலாம் பிள்ளை. அவர் கெட்டிக்காரர் என்றால் உங்களுக்கு நித்திரை இல்லை. இரண்டு நிலையிலும் உங்கள் வேலை முன்னேறுவதில்லை. அந்தக் கிழவி வம்சாவளியில் விரலை வைத்தபோது, ஊரிலுள்ள மற்ற அச்சகங்களை விட நாங்கள் எத்தனை பிழை குறைவாக விடுகிறோம் என்று கேட்கவில்லை.

வருடக் கணக்கு

'பதினைந்து வருட அனுபவம்' என்று சீ.வி.யில் போடுவோம். அது பதினைந்து வருட அனுபவமாகவும் இருக்கலாம், ஒரு வருட அனுபவத்தைப் பதினைந்து தரம் திரும்பச் செய்ததாகவும் இருக்கலாம். என்னுடைய தட்டச்சு வேகம் மூன்றாவது வருடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் தட்டினாலும் கூடவில்லை. சைக்கிளும் அப்படித்தான்: தினமும் ஓடுகிறோம் என்பதற்காக யாரும் சைக்கிள் வீரர் ஆவதில்லை. ஒரு வேலை போதுமான அளவு கைக்கு வந்ததும் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும். அதற்குப் பிறகு செய்வது பழக்கம், பயிற்சி அல்ல.

இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர். அவரும் இரண்டு சகாக்களும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1993 இல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் தனியே இருந்து செய்த பயிற்சியைக் கணக்கிட்டபோது, மிகச் சிறந்த மாணவர்களுக்குச் சராசரியாக 7,410 மணித்தியாலம் வந்தது. அடுத்த தரத்தினருக்கு 5,301. இசை ஆசிரியராகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 3,420. இதிலிருந்துதான் பத்தாயிரம் மணித்தியாலம் செய்தால் எவரும் மேதை என்ற கதை கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. எரிக்சன் சொன்னது அதுவல்ல. வராத இடத்தைப் பிரித்தெடுத்து, பிழையை உடனே கண்டு, திருத்தி, திரும்பச் செய்த மணித்தியாலங்களைத்தான் அவர் பயிற்சி என்றார். வாசித்தே பழகிய பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது அந்தக் கணக்கில் வராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014 இல் வந்தது. ஆளுக்கு ஆள் திறமை வேறுபடுவதில் பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18 சதவீதம், தொழில்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இதைப் பார்த்து 'அப்ப பயிற்சியால் பிரயோசனமில்லை' என்று சிலர் சொல்வார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். அளவெட்டியிலோ இணுவிலிலோ தவில் பழகும் பிள்ளை ஒரு சொல்லைப் பிழையாக அடித்தால், உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் குரு அங்கிருந்தே சத்தம் போடுவார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற ஒரு தவில் மேதை இந்த மண்ணில் வந்ததற்கு, பிறவி ஞானத்தோடு அப்படிக் கேட்டுத் திருத்தும் காதுகள் சுற்றியிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கந்தோரில் கடிதம் எழுதுகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்? அவர் எழுதிய கடிதம் விளங்கவில்லை என்றால் வாங்கியவர் பேசாமல் இன்னொரு தரம் கந்தோருக்கு வந்து வரிசையில் நிற்பார். பிழை செய்தவருக்குச் செய்தி போகாது. குரு இல்லாத இடத்தில் வருடங்கள் மட்டும் கூடும்.

ஆகவே குருவை நாங்களே உண்டாக்க வேண்டியிருக்கிறது. என்னுடைய குரு ஒரு நாற்பது பக்கக் கொப்பி. பிழைக் கொப்பி என்று பெயர். திகதி, பிழை, ஏன் வந்தது, இனி என்ன செய்வது என்று நான்கு நிரல். மூன்றாவது நிரலில் 'கவனக்குறைவு' என்று எழுத எனக்கு நானே தடை போட்டிருக்கிறேன். அந்தச் சொல் எதையும் விளக்காது. 'ஒரே மாதிரி முடியும் இரண்டு பெயர், கண் தாண்டியது' என்று எழுதினால் அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். 'பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒப்புநோக்கியது' என்ற காரணம் ஒரே மாதத்தில் நான்கு தரம் வந்தபோது, ஒப்புநோக்கும் வேலையைக் காலைக்கு மாற்றினேன். அதுவரை எனக்கு என்னைப் பற்றி அது தெரியாது.

இந்தக் கொப்பியால் கிடைத்த இன்னொன்று. யாழ்ப்பாண அச்சகங்களில் நாங்கள் பலர் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள். பாமினியில் 'ள' என்ற எழுத்துக்கும் 'ஔ' ஓசைக்குப் பின்னால் போடும் குறிக்கும் ஒரே விசைதான். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது 'கௌரி' சில வேளை 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கல்வெட்டை இணையத்தில் ஏற்றிய பிறகு, பேரப்பிள்ளை ஒருவர் பாட்டியின் பெயரைச் சரியாகத் தட்டித் தேடினால் கிடைக்காது. இந்தப் பிழைக்காக என்னை யாரும் ஏசியதில்லை, ஏசப்போவதும் இல்லை. முதலாவது கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இப்படியான இடங்கள் நிறையக் கிடக்கின்றன.

ஊரில் முன்னமே செய்தவர்கள்

அச்சுத் தொழிலில் இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். பிழையில்லாத பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்று அறிஞர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்து நூல்களின் முகப்பில் 'பரிசோதித்து' அச்சிட்டது என்று போடுவார்கள். ஏட்டோடு ஏடு ஒப்பிட்டுப் பிழை நீக்குவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் அது. இன்று இரத்தப் பரிசோதனைக்குத்தான் அந்தச் சொல்லைப் பாவிக்கிறோம், அதுவும் பொருத்தம்தான்.

எனக்கு அவரை விட நெருக்கமாகத் தெரிகிறவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். அரசாங்கக் கணக்குக் கந்தோர் உத்தியோகம், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. ஏடு தேடி அலையச் சொல்லி எந்த மேலதிகாரியும் அவருக்குக் கட்டளை போடவில்லை. தொட்டால் உதிரும் ஏடுகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887 இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். எட்டுத்தொகையில் முதலில் அச்சேறிய நூல் அதுதான். ஏடு எழுதியவர்களுக்கும் என்னைப் போலவே ஒரே மாதிரி முடியும் இரண்டு வரிகளில் கண் தாண்டியிருக்கிறது. அதை ஏட்டுக்கு ஏடு பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முந்நூறு பிரதிக் கல்வெட்டில் வதி-வதி பிழை விட்டவனுக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்.

எந்த இடத்தைத் தேர்வது

எல்லாவற்றிலும் கோட்டை உயர்த்தப் போனால் ஒரு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். ஒரே ஒரு இடத்தைத் தேருங்கள். அடிக்கடி வரும் வேலையாக இருக்க வேண்டும், பிழைத்தால் இன்னொருவருக்கு வலிக்க வேண்டும், இப்போதைக்கு யாரும் கவனிக்காததாகவும் இருந்தால் நல்லது. மருந்துக் கடையில் நிற்கிறவர் என்றால் மருந்து எப்போது குடிப்பது என்று நோயாளியையே திரும்பச் சொல்ல வைப்பது. மென்பொருள் எழுதுகிறவர் என்றால், பிழை வந்தால் திரையில் விழும் செய்தி மனிதருக்கு விளங்கும் தமிழில் இருப்பது. ஆசிரியர் என்றால் கொப்பி திருத்தும்போது வெறும் சரி, பிழை அடையாளத்தோடு விடாமல் ஒரு வரி எழுதுவது. உங்கள் வேலையில் எது என்று தெரியவில்லை என்றால், உங்களிடமிருந்து வேலையை அடுத்ததாக வாங்குகிறவரிடம் கேளுங்கள்: "நான் தாறதிலை உங்களுக்கு எது கரைச்சல்?" முதல் நாள் "ஒண்டுமில்லை" என்பார். மூன்றாம் நாள் சொல்வார்.

இதைக் கேட்டுவிட்டு, ஒரு வேலையையும் முடிக்காமல் நீவிக்கொண்டே இருக்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. அது வேறு வருத்தம். அழகான கல்வெட்டு முப்பத்திரண்டாம் நாள் வந்தால் அது கடுதாசிக் கட்டு. நேரம் முதலாவது கோட்டின் ஒரு பகுதி, அதை உடைத்து இரண்டாவதை உயர்த்த முடியாது. இரவு பத்து மணிவரை கந்தோரில் இருப்பதையும் வேலை சுத்தம் என்று நான் எடுக்கமாட்டேன். என் கொப்பியின்படி, அந்த நேரத்தில் செய்ததை அடுத்த நாள் காலை திரும்பத்தான் செய்ய வேண்டும்.

தனித்துத் தெரிவது எப்படி நடக்கிறது? யாழ்ப்பாணம் சின்ன ஊர். கதை வேகமாகப் போகும், அதுவும் செத்தவீட்டில் இன்னும் வேகமாக. என்னிடம் வருகிறவர்களில் பலர், "பேர் பிழைக்காமல் செய்வீங்களாம்" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். "வடிவாய்ச் செய்வீங்களாம்" என்று யாரும் சொன்னதில்லை; என்னை விட வடிவாகச் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் ஊரின் நினைவில் நிற்கும். அந்த வரி எது என்பதை ஓரளவுக்கு நீங்கள் தெரிவு செய்யலாம். இப்போது ரொறன்ரோவிலிருந்தும் வேலை வருகிறது. கோடை காலத்தில் அவர்கள் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். வட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பினால் எங்கள் இரவில் பதில் வரும். முகம் பார்க்காத வாடிக்கையாளருக்கு உங்கள் சிரிப்பும் தெரியாது, சொந்தபந்தமும் தெரியாது. கைக்குப் போகும் வேலை மட்டும்தான் தெரியும்.

சம்பளம்? வேலை சுத்தமானால் சம்பளம் தானாகக் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு முதலில் கூடியது வேலைதான். மற்றவர்களின் ஒப்புநோக்கலும் என் மேசைக்கு வந்தது. "நீர் தானே வடிவாய்ப் பார்ப்பீர்" என்ற புகழ்ச்சியோடு ஒரு வருடம் போனது. பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் முதலாளிக்கு முன்னால் வைத்தேன். அதற்கு முந்தைய வருடம் பெயர்ப் பிழையால் திரும்ப அச்சடித்தது ஆறு தரம், அந்த வருடம் ஒன்றும் இல்லை. திரும்ப அடிக்கும் கடுதாசிக்கும் பிளேட்டுக்கும் என்ன செலவு என்பது என்னை விட அவருக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார். கேட்டதில் முக்கால்வாசி தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் தந்திருக்கமாட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல, முதலாளி.

இப்போது நாலாவது கொப்பி ஓடுகிறது. கடைசியாக எழுதிய வரி போன கிழமை வந்தது. பெயர்கள் எல்லாம் சரி, எண்ணிக்கையும் சரி, கீழேயிருந்து வாசித்ததும் சரி. ஆனால் டென்மார்க்கில் இருக்கும் பேரனுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'கனடா' என்று கிடந்தது. காரணம்: மேல் வரியைக் கொப்பி பண்ணி ஒட்டிவிட்டு, பெயரை மாற்றினேன், நாட்டை மாற்றவில்லை. போனில் வாசித்துக் காட்டியபோதும் பெயர்களை மட்டும்தான் வாசித்திருக்கிறேன். நாலாவது நிரல்: நாடுகளையும் வாசிக்க வேண்டும்.